ஒரு சங்கம், ஒரு வாத்தியார், பத்துத் தொகுதிகள்

அச்சேறிய அறிவு – 14

தமிழில் கலைக்களஞ்சியம் போட்ட பதிப்பகம் எது என்று புத்தகக் காட்சிக்கு வருகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பெரியசாமித் தூரன் என்று ஆசிரியர் பெயரைப் பளிச்சென்று சொல்லிவிடுவார்கள். பதிப்பகத்தின் பெயர் மட்டும் வராது. அவர்கள் மேல் தப்பில்லை. லாபம் பார்க்கிற முதலாளியோ, ஜூன் மாதக் கூட்டத்தை நம்பி நோட்ஸ் போடுகிற கடையோ அதற்குக் கிடையாது. சேப்பாக்கத்தில் பல்கலைக்கழகக் கட்டடத்தில் இடம் பிடித்து உட்கார்ந்திருந்த ஒரு சங்கம் அது. பெயர் தமிழ் வளர்ச்சிக் கழகம். 1954-இல் முதல் தொகுதி, 1963-இல் ஒன்பதாவது, 1968-இல் இணைப்பாகப் பத்தாவது. தொகுதிக்கு ஏறத்தாழ 750 பக்கம். அதற்குப் பின்னால் குழந்தைகளுக்கென்று இன்னொரு பத்து.

சென்ற வாரம் சிங்காரவேலு முதலியாரைப் பார்த்தோம். தனி ஆளாகச் சேர்த்த குறிப்புகளை அச்சிட யாரும் முன்வராமல் அலைந்து, கடைசியில் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பாண்டித்துரைத் தேவர் கைகொடுத்ததால் 1910-இல் அவருடைய அபிதான சிந்தாமணி வெளிவந்த கதை அது. அதற்கு எட்டு வருஷம் முன்னால், 1902-இல், யாழ்ப்பாணத்து முத்துத்தம்பிப் பிள்ளையின் அபிதான கோசம் வந்திருந்தது. இரண்டும் ஒற்றை மனிதர் உழைப்பு. பெரும்பாலும் புராணம், இலக்கியம், சமயம். வேதியியல் படிக்கிற பையனுக்கு அவற்றில் அதிகம் இல்லை. அதே காலத்தில் கல்கத்தாவில் நகேந்திரநாத் பாசு வங்காளியில் 22 தொகுதி விசுவகோசத்தை முடித்துவிட்டார். நம் பக்கத்தில் அந்த அளவுக்கு ஒன்று வர, இன்னும் நாற்பது ஆண்டு பிடித்தது. அதுவும் ஒரு மந்திரி மனசு வைத்ததால்.

தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் திருப்பூர்க்காரர். 1903-இல் பிறந்தவர். சட்டம் படித்தவர், சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். 1930-இல் கோவையில் இராமகிருஷ்ண வித்தியாலயத்தைத் தொடங்கி, அதைப் பெரியநாயக்கன்பாளையத்தில் பெரிதாக வளர்த்தார். 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சர். மூன்றே வருஷம்தான். ஆனால் அந்த மூன்று வருஷத்தில் நடந்தவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு திட்டம் தெரிகிறது. உயர்நிலைப் பள்ளிகளில் தாய்மொழியில் பாடம். 1946-இல் தமிழ் வளர்ச்சிக் கழகம். நாடு விடுதலை பெற்ற 1947-லேயே கலைக்களஞ்சியம் போடப்போகிறோம் என்ற அறிவிப்பு. 1948-இல் பொது நூலகச் சட்டம்.

கடைசியாகச் சொன்னதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் பல வருஷமாக வாதாடி வந்த சட்டம் அது. சுதந்திர இந்தியாவில் இந்த வகையில் முதலாவது. நூலகங்களுக்கு நிரந்தர வருமானம் வேண்டும் என்பதற்காக உள்ளாட்சியின் சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி வசூலிக்க அது வழிசெய்தது. இன்றைக்குச் சேக்காட்டில் வீட்டு வரி கட்டுகிற ஒருவர் ஆவடி மாநகராட்சி ரசீதை உற்றுப் பார்த்தால் அந்த வரியும் அதில் இருக்கும். தமிழில் படிக்கப் பள்ளி, படித்த பையன் தேடிப் பார்க்கப் பெரிய புத்தகம், அந்தப் புத்தகத்தை வாங்கி வைக்க ஊர்தோறும் நூலகம். மூன்றையும் ஒரே ஆள் ஒரே காலத்தில் தொடங்கியது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை. இந்தச் சங்கத்துக்குக் கடை இல்லை என்று மேலே சொன்னேன். அதன் கடை ஊர் ஊராக இருந்த நூலக அலமாரிதான்.

ஏன் ஒரு தனியார் பதிப்பகம் இதைச் செய்யவில்லை? கணக்குப் போட்டால் தெரியும். அகராதி என்றால் ஒவ்வொரு வருஷமும் புதிதாக ஒரு வகுப்புப் பிள்ளைகள் வாங்குவார்கள். லிப்கோவின் ஆங்கில–தமிழ் அகராதி நுழையாத நடுத்தரக் குடும்பம் தமிழ்நாட்டில் அபூர்வம். பாடநூல் உரை, கேள்வி–பதில், கட்டுரைக் கோவை எல்லாம் போட்ட பணத்தை அந்தக் கல்வியாண்டிலேயே திருப்பித் தருபவை. கலைக்களஞ்சியம் அப்படி இல்லை. தூரன் 1948-இல் பொறுப்பேற்றார். முதல் தொகுதி வந்தது 1954. ஆறு வருஷம் சம்பளம், தபால் செலவு, காகிதம், படம் வரைகிறவர் கூலி என்று பணம் போய்க்கொண்டே இருக்கும். விற்பனை ஒரு ரூபாய் கிடையாது. முதல் தொகுதி வந்த பிறகும், பத்தும் முடியுமா என்று தெரியாமல் யார் வாங்குவார்கள்? பத்தில் மூன்றோடு நின்றுபோன கலைக்களஞ்சியம் கடைக்காரருக்கும் பாரம், வாங்கியவருக்கும் பாரம். எந்த முதலாளியும் இதில் கைவைத்திருக்க மாட்டார்.

ஆகவே நன்கொடையும் அரசு மானியமும்தான் கதி. அவினாசிலிங்கம் பணக்காரர்களிடம் கேட்டார். மாநில அரசிடம் கேட்டார். மத்திய அரசிடம் கேட்டார். 1949-இல் மந்திரி பதவி போனது. அத்தோடு திட்டமும் படுத்துவிடும் என்றுதான் அனுபவசாலிகள் நினைத்திருப்பார்கள். படுக்கவில்லை. 1952-இல் மக்களவைக்குப் போனார். 1958 முதல் 1964 வரை மாநிலங்களவையில் இருந்தார். தில்லியில் அவருக்கு ஓர் இருக்கை இருந்த காலமும் தொகுதிகள் ஒவ்வொன்றாக வெளிவந்த காலமும் ஏறக்குறைய ஒன்று. கழகத்தின் தலைவர் பொறுப்பை அவர் விடவில்லை. பதிப்புத் தொழிலில் முதல் போடுகிறவர் என்று ஒருவர் உண்டே, அந்த வேலையை இங்கே அவர் செய்தார்; பணம் மட்டும் ஊராருடையது.

இனி வாத்தியார்.

ம. ப. பெரியசாமித் தூரன் ஈரோடு பக்கம் மஞ்சக்காட்டுவலசில் 1908-இல் பிறந்தவர். சென்னையில் கல்லூரியில் படிக்கும்போதே ‘பித்தன்’ என்று பத்திரிகை நடத்தியவர். பகத்சிங்கைத் தூக்கிலிட்ட அதிர்ச்சியில் பட்டத் தேர்வு எழுதாமல் விட்டவர். பிறகு அவினாசிலிங்கத்தின் வித்தியாலயத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். கச்சேரி மேடையில் இன்றும் பாடப்படுகிற தமிழ்க் கீர்த்தனைகள் பல அவர் இயற்றியவை. சிறுகதை, நாடகம், சிறுவர் நூல் எல்லாம் எழுதினார். பாரதியின் எழுத்துகளைப் பழைய இதழ்களில் தேடி எடுத்துத் தொகுத்தார். இவ்வளவு சொன்னால், கவிஞரைக் கூப்பிட்டுக் கலைக்களஞ்சியத்தை ஒப்படைத்துவிட்டார்கள் என்றுதான் தோன்றும்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது, அவருடைய மற்றப் புத்தகங்களின் பெயரைப் பார்க்கும் வரை. உளவியல் பற்றி எழுதியிருக்கிறார். மரபுவழிப் பண்புகள் தலைமுறைக்குத் தலைமுறை எப்படி இறங்குகின்றன என்று ‘பாரம்பரியம்’ என்ற நூலில் எழுதியிருக்கிறார். கருவில் குழந்தை வளரும் விதத்தை எழுதியிருக்கிறார். எல்லாம் பள்ளி வாத்தியார் நடையில். தெரியாதவனுக்குத் தெரிந்ததைச் சொல்வது, சொல்லும்போது அவனைச் சிறுமைப்படுத்தாமல் சொல்வது: கலைக்களஞ்சிய ஆசிரியருக்கு வேண்டிய திறமை இதுதான். பெரும்புலவர் ஒருவரை உட்காரவைத்திருந்தால் முதல் தொகுதியே தாண்டியிருக்காது என்பது என் எண்ணம். பெரும்புலவருக்கு எந்தக் கட்டுரையும் போதாது.

பொறுப்பேற்கும்போது தூரனுக்கு வயது நாற்பது. பத்தாம் தொகுதி வெளிவரும்போது அறுபது.

இருபது வருஷம் அந்த அறையில் என்னதான் வேலை? கலைக்களஞ்சியம் என்பது அறிவாளிகள் கூடி உட்கார்ந்து உலகத்தை விவாதிப்பது என்று ஒரு நினைப்பு இருக்கிறது. நிஜத்தில் அது கடிதம் எழுதுகிற வேலை. முதலில் தலைப்புகளின் பட்டியல் வேண்டும். எந்தத் தலைப்புக்கு எத்தனை பக்கம் என்று முன்கூட்டியே அளந்தாக வேண்டும். பிறகு யார் எழுதுவார் என்று தேட வேண்டும். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இதற்கு எழுதியிருக்கிறார்கள். ஆயிரம் பேர் என்றால் ஆயிரம் அழைப்பு, ஆயிரம் நினைவூட்டல், இரண்டாம் நினைவூட்டல். நாலு பக்கம் கேட்டால் பதினாறு பக்கம் எழுதுகிறவர் உண்டு. ஒப்புக்கொண்டு ஒரு வருஷம் மூச்சுவிடாமல் இருக்கிறவரும் உண்டு. பத்திரிகை ஆபீசில் உட்கார்ந்தவர்களுக்கு இந்த இரண்டு ஜாதியையும் நன்றாகத் தெரியும்.

எழுதியவர்களில் கல்லூரிப் பேராசிரியர்கள் அதிகம். அன்றைக்குக் கல்லூரி முழுக்க ஆங்கிலம். இயற்பியலோ தாவரவியலோ, அவர்கள் படித்ததும் ஆங்கிலம், நடத்தியதும் ஆங்கிலம். தமிழில் ஒரு பக்கம் அறிவியல் எழுது என்றால் பலருக்கும் கை பழகாத வேலை. கலைச்சொற்கள் முற்றிலும் இல்லாமல் போகவில்லை. 1916-லேயே சேலத்தில் ராஜாஜியும் நண்பர்களும் அதற்கென்று ஒரு சங்கம் வைத்தார்கள். முப்பதுகளில் இன்னொரு முயற்சி நடந்தது, பள்ளிப் பாடங்களுக்கான பட்டியல்கள் அச்சாயின. ஆனால் பட்டியலில் சொல் இருப்பது வேறு, அந்தச் சொல்லை வைத்து வாக்கியம் ஓடுவது வேறு. தனித்தமிழ்தான் வேண்டும் என்று ஒரு கட்சி, வழக்கத்தில் உள்ள வடசொல் இருக்கட்டும் என்று ஒரு கட்சி, ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் போடு என்று ஒரு கட்சி. மூன்று கட்சிக்காரர்களும் எழுதிய கட்டுரைகள் ஒரே தொகுதியில் அடுத்தடுத்த பக்கத்தில் வர வேண்டும். படிக்கிறவனுக்கு ஒரே புத்தகமாகத் தெரியவும் வேண்டும்.

அகரவரிசை இன்னொரு தலைவலி. அ எழுத்து அச்சுக்குப் போகும்போதே ஹ வரைக்கும் முடிவாகியிருக்க வேண்டும். முதல் தொகுதியில் ஓரிடத்தில் ‘காண்க’ என்று ஒரு தலைப்பைச் சொல்லிவிட்டால், எட்டு வருஷம் கழித்து அந்தத் தலைப்பு அதே பெயரில் அங்கே காத்திருக்க வேண்டும். சந்திரன் என்று வைப்பதா, நிலவு என்று வைப்பதா, திங்கள் என்று வைப்பதா என்பதை த எழுத்து வரும்வரை தள்ளிப்போட முடியாது. பெரியவர்களே இதில் வழுக்கியிருக்கிறார்கள். எடின்பரோவில் 1768-இல் தொடங்கி 1771-இல் முடிந்த பிரிட்டானிக்காவின் முதல் பதிப்பு மூன்று தொகுதி. ஆங்கில நெடுங்கணக்கின் முதல் இரண்டு எழுத்துக்கே முதல் தொகுதி முழுக்கப் போய்விட்டது. மிச்சம் இருபத்து நாலு எழுத்தை இரண்டு தொகுதிக்குள் திணித்தார்கள். வேலை தொடங்கியபோது அதன் ஆசிரியர் வில்லியம் ஸ்மெல்லிக்கு முப்பது வயது ஆகவில்லை.

அச்சு வேலையையும் மறந்துவிடக் கூடாது. ஈய எழுத்துக் காலம். கம்பாசிட்டர் ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கிக் கோக்க வேண்டும். இரண்டு பத்திப் பக்கம் என்பதால் வரி குறுகியது; தமிழ்ச் சொற்களோ நீளம். படத்துக்குத் தனியாகப் பிளாக் எடுக்க வேண்டும். ஒரு ஃபாரம் அடித்து முடித்து எழுத்தைக் கலைத்துப் போட்டால்தான் அடுத்த ஃபாரத்துக்கு எழுத்து கிடைக்கும். கலைத்த பிறகு பிழை கண்ணில் பட்டால் பட்டதுதான். சமன்பாடு, வேதியியல் குறியீடு, ஆங்கிலச் சொல், இலத்தீன் பெயர் எல்லாம் ஒரே பக்கத்தில் வருகிற தமிழ்ப் புத்தகத்தை அதற்கு முன்னால் எத்தனை அச்சகம் பார்த்திருக்கும்? ஒன்பது தொகுதி வெளிவந்தது ஏறத்தாழ ஒன்பது வருஷத்தில். வருஷத்துக்கு ஒன்று. இன்றைக்குக் கணினியில் அடித்து இந்த வேகத்தில் போடுங்கள் என்றால் பலர் கும்பிடு போட்டுவிடுவார்கள்.

இந்தத் தொகுதிகளைச் சாவகாசமாகப் புரட்டிப் பார்க்க எனக்கு வாய்த்தது நூலகத்தில் இல்லை, சேக்காட்டில் ஒரு வீட்டில். ஆவடியிலிருந்து பட்டாபிராம் போகிற வழியில் இருக்கிற ஊர். ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் வீடு. மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்துபோவதற்கு முன்னால் அங்கே ஒன்றிரண்டாக வாங்கிச் சேர்த்த செட் என்று சொன்னார். முன்கூடத்தில் டிவிக்குக் கீழே வரிசையாக நின்றது.

“பத்தாவது மட்டும் கிடைக்கவே இல்ல சார். கடைக்காரன்கிட்ட கேட்டா, ‘ஒன்பதோட முடிஞ்சிருச்சு வாத்தியாரே, உங்களுக்கு யாரு பத்துன்னு சொன்னது’ன்னு என்னையே திருப்பிக் கேட்டான்.”

ஒரு தொகுதியை எடுத்துக் கொடுத்தார். மூல அட்டை போய், ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் மறு பைண்டிங் செய்தது. உள்ளே நுழைந்ததும் அந்தப் பள்ளியின் ரப்பர் ஸ்டாம்பு, அதை அடித்து இன்னொரு ஸ்டாம்பு. கட்டுரை முடிகிற இடத்தில் எழுதியவரின் முழுப் பெயர் இருக்காது. தலைப்பெழுத்துகள் மட்டும் இருக்கும். யார் என்று தெரிய வேண்டுமானால் முன்பக்கத்துப் பட்டியலுக்குப் போக வேண்டும். பெரிய பேராசிரியரும் அன்றுதான் வேலைக்குச் சேர்ந்த விரிவுரையாளரும் அங்கே இரண்டு மூன்று எழுத்துக்குள் சமமாகிவிடுகிறார்கள். எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருந்தது. இன்றைய தொகுப்பு நூல்களில் அட்டையிலேயே எட்டுப் புகைப்படம் போடுகிறார்கள்.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது அச்சான பகுதி அல்ல; பக்கத்து ஓரம். ஆசிரியர் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். சென்னை மாநிலம் என்று வருகிற ஒரு பக்கத்தில் ‘14.1.1969 முதல் தமிழ்நாடு’. சந்திரனைப் பற்றிய பக்கத்தில் 1969 ஜூலை நாளிதழ்த் துண்டு ஒன்று, பசை காய்ந்து பழுப்பேறி ஒட்டியிருக்கிறது. யுரேனஸைப் பற்றிய இடத்தில் ‘வளையம் உண்டு, 1977’. மக்கள்தொகை வருகிற இடங்களில் பழைய எண்ணை அடிக்காமல், பக்கத்திலேயே அடுத்தடுத்த கணக்கெடுப்பின் எண்கள், ஒன்றன் கீழ் ஒன்றாக. சில எண்கள் பென்சில், சில பேனா. பேனா மை மாறியிருப்பதிலிருந்தே வருஷங்கள் ஓடியது தெரிகிறது.

“பசங்க இதப் பாத்துதான் எழுதுவாங்க. தப்பா எழுதிட்டுப் போயிட்டா மார்க்கு போயிரும்ல?” என்றார். அவருக்கு அது அவ்வளவுதான்.

யோசித்துப் பாருங்கள். தமிழில் முன்னோடியான ஒரு காரியம் 1968-இல் முடிந்தது. முடிந்த சில மாதங்களில் மாநிலத்தின் பெயர் மாறியது. அதே வருஷம் மனிதன் நிலவில் இறங்கினான். பத்துத் தொகுதியில் இந்த இரண்டும் கிடையாது. இது யார் குற்றமும் இல்லை. எந்தக் கலைக்களஞ்சியமும் அச்சாகி வெளிவரும் நாளிலேயே கொஞ்சம் பழசுதான். ஆவடிக்காரர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். சோஷலிச பாணி சமுதாயம் என்ற தீர்மானம் போட்ட ஆவடி காங்கிரஸ் மாநாடு 1955 ஜனவரியில் நடந்தது; முதல் தொகுதி அதற்கு முந்தின வருஷமே வந்தாயிற்று. ஆவடி டாங்கித் தொழிற்சாலையிலிருந்து விஜயந்தா உருண்டு வந்தது 1965 வாக்கில். அ, ஆ எழுத்துகள் அச்சாகிக் கட்டி முடித்து வெகுகாலம் ஆகிவிட்டது. விட்டுப்போனதைப் பிடிக்கத்தான் பத்தாவதாக ஓர் இணைப்புத் தொகுதி போட்டார்கள். ஆனால் இணைப்பு ஒரு தடவைதான் போட முடியும். அதற்கப்புறம்?

அதற்கப்புறம் என்ன செய்ய வேண்டும் என்பதை வியாபாரிகள் கண்டுபிடித்திருந்தார்கள். பிரிட்டானிக்கா இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்கர் கைக்குப் போனது. புத்தகக் கடையை நம்பாமல் வீட்டு வாசலுக்கே ஆள் அனுப்பித் தவணையில் விற்றார்கள். நம் ஊரிலும் அப்படி மாதாமாதம் பணம் கட்டி வாங்கி, கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்த டாக்டர், வக்கீல் வீடுகள் உண்டு. கோட்டு சூட்டு போட்ட அந்த விற்பனையாளரைக் கேலி செய்வது சுலபம். ஆனால் அவர் கொண்டுவந்த பணத்தில்தான் ஆசிரியர் குழுவை நிரந்தரமாக வைத்துக்கொள்ள முடிந்தது. முப்பதுகளிலிருந்து முழுப் பதிப்புக்குக் காத்திராமல் ஒவ்வொரு அச்சிலும் ஒரு பகுதி கட்டுரைகளைத் திருத்திக்கொண்டே போனார்கள். 1938 முதல் வருஷத்துக்கு ஓர் ஆண்டு மலர். இப்படி ஓடி, 1990-இல் அமெரிக்காவில் மட்டும் 1,20,000 செட் விற்றது. பிறகு குறுந்தகடும் இணையமும் வந்து இருபதே வருஷத்தில் எல்லாவற்றையும் கவிழ்த்தன. 2010-இல் அச்சிட்ட 32 தொகுதிதான் கடைசி என்று 2012 மார்ச்சில் அறிவித்துவிட்டார்கள். அது வேறு கதை.

தமிழ் வளர்ச்சிக் கழகத்திடம் வாசல் ஏறுகிற ஆள்படை இல்லை. மானியம் ஒரு வேலைக்காக வந்தது. வேலை முடிந்ததும் அந்தக் கணக்கு முடிந்தது. முதலாளி இல்லாததால்தான் இந்தப் புத்தகம் பிறந்தது. முதலாளி இல்லாததால்தான் முழுக்கத் திருத்திய பதிப்பு வராமல் போனது. மலையாளிகள் இந்த இடத்தில் கொஞ்சம் உஷாராக இருந்தார்கள். 1961-லேயே சர்வவிஞ்ஞானகோசத்துக்காக அரசு சார்பில் ஓர் அமைப்பை ஏற்படுத்தி நிரந்தரமாக வைத்துக்கொண்டார்கள். முதல் தொகுதி 1972-இல்தான் வந்தது, ஆமை வேகம்தான். ஆனால் ஆபீஸ் இருந்தது, மேசை இருந்தது, மறுநாள் காலையில் வந்து உட்கார ஆள் இருந்தது.

தூரனின் ஆபீசும் உடனே பூட்டப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1968-இல் அவருக்குப் பத்மபூஷண் கிடைத்தது. மாலை மரியாதையோடு ஊருக்குப் போயிருக்கலாம். அதே வருஷம் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி வந்தது. பெரியவர்களுக்கானதைச் சுருக்கி வேலையை முடிக்கவில்லை. பிள்ளைகளுக்கென்றே எழுதி, வண்ணப் படங்களோடு, கையில் தூக்கிப் படிக்கிற கனத்தில், தொகுதிக்குச் சுமார் நூறு பக்கம். 1976-இல் பத்தும் முடிந்தது. அப்போது அவருக்கு வயது அறுபத்தெட்டு. எழுபது, எண்பதுகளில் அரசுப் பள்ளியில் படித்தவர்களிடம் கலைக்களஞ்சியம் என்று சொன்னால் பலருக்கு இந்தச் சின்னப் பத்துதான் ஞாபகம் வரும். வினாடி வினாப் போட்டிக்குப் போகிற பையன்கள் முதல் நாள் சாயங்காலம் கிளை நூலகத்தில் இதைத்தான் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். குறிப்புதவி நூல் என்பதால் வீட்டுக்குத் தரமாட்டார்கள், பூட்டுகிற நேரம் வரை எழுதிக்கொள்ள வேண்டியதுதான். பெரிய பத்துக்குப் பல்கலைக்கழகப் பெருமை. சின்னப் பத்துக்கு அழுக்கேறிய பக்கங்கள். எது பயன்பட்டது என்று கேட்டால் நான் அழுக்கைத்தான் காட்டுவேன்.

ஆவடி, அம்பத்தூர் பக்கத்தில் பிறகு புத்தகத் தொழில் வளர்ந்தது. 1951-இல் தொடங்கிய நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் இன்று அம்பத்தூர் சிட்கோ எஸ்டேட்டில் இருந்துதான் இயங்குகிறது. சோவியத் அறிவியல் நூல்களைத் தமிழ் வாசகர்களிடம் மலிவாகக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் அவர்களுக்குப் பெரிய பங்கு. மாஸ்கோவில் அச்சான தமிழ் அறிவியலும் சேப்பாக்கத்தில் தொகுத்த தமிழ் அறிவியலும் ஒரே பள்ளி அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் நின்ற காலம் ஒன்று இருந்தது. அதைத் தனியாக ஒரு வாரம் எழுத வேண்டும்.

தூரன் 1987 ஜனவரியில் காலமானார். அவினாசிலிங்கம் 1991-இல். பத்துத் தொகுதிகளும் இப்போது ஸ்கேன் செய்யப்பட்டுத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இருக்கின்றன. சேக்காட்டு ஆசிரியர் தேடிக் கிடைக்காத பத்தாவதும் அதில் உண்டு. அவருக்குப் போனில் திறந்து காட்டினேன். இரண்டு பக்கம் தள்ளிப் பார்த்துவிட்டு, “இதுல எங்க சார் எழுதறது?” என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.

திருத்தப் பதிப்பு வராத இடத்தில் வேறொன்று வந்தது. 1981-இல் தஞ்சாவூரில் தமிழ்ப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது, வ. ஐ. சுப்பிரமணியம் துணைவேந்தர். தூரனின் பத்தை எடுத்துப் புதுப்பிப்பதற்குப் பதிலாக, மறுபடியும் அ-விலிருந்து தொடங்கினார்கள். அதுவும் ஒன்றல்ல, இரண்டு: வாழ்வியலுக்கு ஒரு களஞ்சியம், அறிவியலுக்கு ஒரு களஞ்சியம். முன்னதற்கு 15 தொகுதி, பின்னதற்கு 19. ஏன் இரண்டாகப் பிரித்தார்கள், சேப்பாக்கத்து அனுபவம் அவர்களுக்கு எவ்வளவு உதவியது என்பதைப் பார்க்க, அடுத்த வாரம் தஞ்சாவூருக்குப் போவோம்.

(தொடரும்)